சரிவு நிலத்தில் தியானத் தோட்டம்: முதலில் கான் வெட்டுங்கள்

கேள்வி: ஹற்றன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், எங்கள் கோயிலுக்குப் பின்னால் 40 அடி நீளம், 30 அடி அகலத்தில் சரிவான நிலம் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து செபிக்க அமைதியான ஒரு தோட்டம் அமைக்க ஆசை. முன்பு புல்லும் ரோசாவும் வைத்தோம். புல் பாசியாகிவிட்டது, ரோசா இலை கறுத்துக் கொட்டியது. ஒலிவ மரம் வைக்கலாமா? சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் அங்கே அமைக்க முடியுமா?

பதில்: இரண்டும் கெட்டது தண்ணீரால்தான். மே கடைசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை உங்கள் பக்கச் சரிவில் நேராக அடிக்கிறது. அதனால் செடி வாங்குவதற்கு முன் தண்ணீர் வடியக் கான் வெட்டுங்கள். நிலத்தின் மேல் ஓரத்தில் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். 40 அடி நீளத்துக்கு 5 அங்குலம் இறங்கினால் போதும். அதைவிடச் சரிந்தால் மண்ணை அரித்துக்கொண்டு போகும், குறைந்தால் தண்ணீர் நிற்கும்.

நிலம் 30 அடிக்குள் 5 அடி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மேல்பாதியை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பாதியில் நிரப்பினால் ஒரே தட்டு கிடைக்கும். மேலேயும் கீழேயும் இரண்டரை அடி உயரக் கல்கட்டு வேண்டும். அடியில் ஒன்றரை அடி அகலம் விட்டு, உச்சி 5 அங்குலம் மண் பக்கம் சாயும்படி கட்டுங்கள். சீமெந்து பூசாதீர்கள். பூசிய சுவரின் பின்னால் தேங்கும் தண்ணீர் சுவரையே தள்ளிவிடும். நிரப்பும் மண்ணை 6 அங்குலத்துக்கு ஒரு முறை இடித்து இறுக்குங்கள்.

இனி வடிவம். பழைய துறவற மடங்களின் உள்முற்றத்தில் நான்கு பாதைகள் நடுவில் வந்து கூடும். ஏதேன் தோட்டத்து ஆறு நான்கு கிளையாகப் பிரிந்ததைச் சொல்லும் தொடக்கநூல் 2:10 அதில் தெரியும். பாதைகள் குறுக்கிடுவதால் அதுவே சிலுவையும் ஆகிறது. உட்கார்ந்திருப்பவருக்கு அந்த உருவம் தெரியாது. நடப்பவருக்கு நடுவில் நிற்கும்போது புரியும். அந்த அளவே போதும் என்பது எங்கள் எண்ணம்.

3 அடி அகலப் பாதை, நீளவாக்கில் 40 அடி, குறுக்கே 30 அடி. 4 அங்குலத்துக்கு ஓரங்குலச் சல்லி, அதன் மேல் 2 அங்குலத்துக்குக் கால் அங்குலச் சல்லி. மொத்தம் ஏறக்குறைய ஒரு கியூப், அதாவது 100 கன அடி வரும். இறுகும்போது குறையும் என்பதால் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எடுங்கள். சீமெந்துத் தளம் வேண்டாம். நிழலில் பாசி பிடித்து வயதானவர்களை வழுக்கிவிடும்.

நடுவில் லயத்தில் பழசாகிக் கிடக்கும் ஆட்டுக்கல் ஒன்றை வைக்கலாம். இயேசு பாடுகளுக்கு முன் செபித்த கெத்சமனி என்ற இடத்தின் பெயருக்கே எண்ணெய்ச் செக்கு என்றுதான் பொருள், ஆட்டுக்கல் அதை நினைவூட்டும். உங்கள் ஒலிவக் கேள்விக்கும் இதுவே நாங்கள் தரும் பதில். ஒலிவ மரத்துக்கு ஈரம் தேங்கும் மண் ஆகாது, பூக்கக் குளிர்காலம் வேண்டும். வெரளிக்காய் மரத்தைச் சிலோன் ஒலிவ் என்பார்கள், ஆனால் அது வேறு குடும்பம். ஆட்டுக்கல் குழியில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒரு முறை தவறாமல் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும்.

சிலுவையைப் பாதையின் ஒரு முனையிலும் வாங்கை எதிர்முனையிலும் வையுங்கள். சிலுவை நிற்பது வெட்டிய மண்ணாக இருக்கட்டும். நிரப்பிய மண்ணில் நட்டால் சாயும். மரச் சிலுவை மண்ணைத் தொடும் இடத்தில்தான் முதலில் உளுக்கும். 2 அடி ஆழக் கொங்கிரீட்டில் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுகளைப் பதித்து, மரம் தரைக்கு 2 அங்குலம் மேலே நிற்கும்படி போல்ட் போடுங்கள். வாங்கு 17 அங்குல உயரம், சாய்மானத்தோடு. அதற்குக் கூரை போட்டால் ஓடுதான் வேண்டும். தகரத்தில் மழை விழும் இரைச்சலில் யாரும் செபிக்க முடியாது.

செடிகளில் உங்கள் மண் தரும் பெரிய வரம் ஹைட்ரேஞ்சியா. தேயிலை விளையும் புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் அது நீலமாகப் பூக்கும். ஓவியர்கள் காலங்காலமாக மரியன்னையின் மேலாடைக்குத் தந்த நிறம் நீலம்தான். அக்கம்பக்கத்தில் நீலமாகப் பூக்கும் செடியிலிருந்து 6 அங்குலத் தண்டு வெட்டி, மேல் கல்கட்டின் நிழலில் 4 அடி இடைவெளியில் நடுங்கள். அங்கே மண்ணின் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் தூளைப் போடவே கூடாது. போட்டால் பூ இளஞ்சிவப்பாகிவிடும்.

ரோசாவுக்கு எதிர்மாறு. நான்கே செடி, 3 அடி இடைவெளி, காலை வெயில் படும் கீழ்ப்பக்கம். அங்கே போடும் டொலமைட் வழிந்து ஹைட்ரேஞ்சியாவுக்குப் போகாது. நடுவதற்கு இரண்டு மாதம் முன்பு சதுர மீற்றருக்கு 100 கிராம் கலந்துவிடுங்கள். இலை கறுப்பது பூஞ்சணத்தால். அது உதிர்ந்த இலையில் தங்கி மழைத்துளியோடு மேலே தெறிக்கும். உதிர்ந்ததைக் கூட்டி எரித்து, அடியில் மானாப்புல் பரப்பி, சனவரியில் கவ்வாத்து செய்யுங்கள்.

வாங்கின் பக்கத்தில் 6 அடிப் பந்தலில் கொடித்தோடை ஏற்றுங்கள். பாஷன் புரூட் என்ற பெயரில் உள்ள பாஷன், கிறிஸ்துவின் திருப்பாடுகள்தான். தென்னமெரிக்காவில் பணியாற்றிய ஸ்பானிய மறைபரப்பாளர்கள் அந்தப் பூவில் பாடுகளையே கண்டார்கள். நார்வளையம் முள்முடி, ஐந்து மகரந்தத் தண்டு ஐந்து காயம், மேலே மூன்று பிரிவு மூன்று ஆணி. பத்து இதழ்கள் பத்துத் திருத்தூதர். பன்னிருவரில், இயேசுவை மறுதலித்த பேதுருவும் காட்டிக்கொடுத்த யூதாசும் கணக்கில் இல்லை. உங்கள் குளிருக்கு ஊதாப் பழ வகையை வாங்குங்கள். மஞ்சள் வகை தாழ்நிலத்துக்கு உரியது.

14 நிலைகளை இங்கே திணிக்க வேண்டாம். ஓரத்தைச் சுற்றினால் 140 அடி, ஒரு நிலைக்கு 10 அடிதான். இருபது பேர் நின்று செபிக்க இடம் போதாது, தனியாக வருபவருக்கும் அமைதி இராது. கோயிலுக்கு ஏறிவரும் பாதையில் அமையுங்கள்.

கல், மண் வேலையைச் சனவரி முதல் மார்ச்சுக்குள் முடித்துவிட்டு, ஒரு பருவமழையைச் செடியில்லாமல் கடத்துங்கள். கடும் மழை நாளில் குடையோடு போய், தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் குச்சி நட்டு வையுங்கள். பருவமழை முடிந்து, ஒக்டோபரில் நடும்போது அந்தக் குச்சிகள் இருக்கும் இடத்தில் ரோசா வேண்டாம், வெள்ளை ஆரம் லில்லி வையுங்கள். அது சேற்றில் செழிக்கும். சாறு வாயில் பட்டால் எரியும் என்பதால் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.