ஓவியக் காப்பகத் தளம் என் பழைய கணினியில் சரியாகத் திறக்கவில்லை. புதுசு வாங்கித்தான் ஆகணுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: விண்டோஸ் 7 கணினி. ஓர் அருங்காட்சியகத்தின் டிஜிட்டல் ஓவியக் காப்பகம். சில பக்கங்கள் வெள்ளையாக நிற்கின்றன, சிலவற்றில் படத்துக்குப் பதில் 'பிளகின் இல்லை' என்று ஒரு சாம்பல் கட்டம். கடைக்காரர் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்லிவிட்டார். ஓவியத்தின் நிறத்தை எதில் பார்த்தால் சரியாக இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். குறைந்தபட்சம் இந்த வாரம் வேண்டாம்.

நான் கொழிஞ்சாம்பாறையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழில்தான் பேசுவார்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் ஜில்லா. போன வருஷம் அச்சு அசல் உங்கள் பிரச்சினையோடு ஓர் ஓவிய மாஷ் வந்தார். (இங்கே வாத்தியாரை மாஷ் என்போம், தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும்தான்.) ரிட்டையர் ஆனவர். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் சிபியுவை நிறுத்தி, இரண்டு முட்டிகளாலும் அணைத்துக்கொண்டு ஓட்டி வந்திருந்தார்.

அவருக்கு வேண்டியது தோல்பாவைக்கூத்துப் பாவைகளின் படங்கள். தெரியாதவர்களுக்கு: எங்கள் பக்கத்துப் பத்ரகாளி கோயில்களில், கூத்துமாடம் என்று தனியாக ஒரு மண்டபம் கட்டி, தேங்காய் மூடிகளில் 21 விளக்கு ஏற்றி, திரைக்குப் பின்னால் நிழலாட்டம் நடத்துவார்கள். ஊர் கேரளம், பாடுவது கம்பராமாயணம். ஆட்டுகிறவர்களுக்குப் புலவர் என்றே பெயர். தாரிகன் என்ற அசுரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைக் காளியால் பார்க்க முடியவில்லையாம், அவளுக்காகத்தான் ஆட்டம். அதனால் எதிரே ஆளே இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது.

மாஷுக்கு வேண்டியது வெறும் படம் இல்லை, துளைகள். பாவையின் நகையும் உடையும் தோலில் குத்திய துளைகள்தான். வெளிச்சம் அந்த வழியாக வந்தால்தான் நகை நகையாகத் தெரியும். ஒரு ராவணனின் மார்புப் பதக்கத்தில் எத்தனை வரிசை, உளி எந்த வடிவம் என்று பார்க்க வேண்டும். ஆகவே நன்றாகப் பெரிதாக்க முடிகிற படம் தேவை. அது அந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், பத்து வருஷத்துக்கு முன்னால் வேறொரு கணினியில் பார்த்திருக்கிறார்.

பெட்டியைப் போட்டேன். முதலில் படம்கூட இல்லை, எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பு எச்சரிக்கை. இதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு தடவை காரணம் தேதி. பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் காட்டும், அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கணினியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் உலவி (குரோம், ஃபயர்ஃபாக்ஸ் மாதிரி) கதவைச் சாத்திவிடும். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பின்னால் ஓடிவிடும். நானும் அதுதான் என்று மேசை டிராயரில் பேட்டரியைத் தேடினேன்.

அப்புறம்தான் தேதியைச் சரியாகப் பார்த்தேன். 2020 நவம்பர். பேட்டரி செத்திருந்தால் போர்டு தயாரான வருஷத்துக்கே போயிருக்கும், அதுவும் ஜனவரி 1 என்று காட்டும். 2020 நவம்பர் என்பது யாரோ கையால் வைத்தது.

"மாஷே, இதுல யாராச்சும் கை வச்சாங்களா?"

"என் தங்கச்சி மகன் வந்திருந்தான் தம்பி. ஃபிளாஷ் ஓடணும்னா தேதியை மாத்தணும்னு ஏதோ வீடியோ பாத்தான்."

பையனைக் குறை சொல்ல முடியாது. உலவிக்குள் அசையும் படமும் விளையாட்டும் ஓட்டிய பிளகின்தான் ஃபிளாஷ் பிளேயர், அதை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஓடு கைவிட்டது. அதோடு விடாமல், 2021 ஜனவரி 12 முதல் எதையும் ஓட்டாதபடி உள்ளேயே ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். தேதியைப் பின்னால் தள்ளினால் அந்தப் பூட்டை ஏமாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் அதே தேதியால் சான்றிதழ்கள் எல்லாம் 'இன்னும் பிறக்காதவை' ஆகிவிடுகின்றன. ஃபிளாஷுக்கு வைத்தியம் பார்க்கப்போய் இணையத்தையே மூடிவிட்டான். அதுவும் வீண்தான், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அந்த ஜனவரியிலேயே தங்கள் உள்ளிருந்து ஃபிளாஷைத் துடைத்துவிட்டன.

தேதியைச் சரிசெய்ததும் முகப்புப் பக்கம் வந்தது. புதிதாக அமைத்த பக்கங்கள் மட்டும் வெள்ளையாகவே நின்றன. இது உங்களுக்கும் இருக்கும். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கை கழுவிவிட்டது. குரோம் அதில் 109-ஆம் பதிப்போடு, அதாவது 2023 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. உங்களிடம் அதற்கும் பழையதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். தளத்தின் நிரல் புதிய ஜாவாஸ்கிரிப்ட்டில் இருந்தால் பழைய உலவிக்கு ஒரு வரி புரியாது. அந்த ஒரு வரியோடு கோப்பு முழுவதையும் விட்டுவிடும். அதனால்தான் பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் வெறும் வெள்ளை. ஃபயர்ஃபாக்ஸின் 115 ஈஎஸ்ஆர் பதிப்பை (நீண்ட நாள் ஆதரவு தரும் வரிசை) போடுங்கள், விண்டோஸ் 7-ஐ ஏற்றுக்கொள்ளும் கடைசி வரிசை அதுதான். இன்னொரு லாபம், சான்றிதழ் வழங்குகிறவர்களின் பட்டியலை விண்டோஸிடம் கேட்காமல் தானே வைத்திருக்கும். 2021 செப்டம்பர் 30-இல் மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையான பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது பழைய கணினிகள் பலவற்றில் திடீரென்று தளங்கள் திறக்காமல் போயின. அந்த மாதிரி நேரத்தில் இது கைகொடுக்கும்.

வெள்ளைப் பக்கம் இதோடு தீர்ந்தது. இனி சாம்பல் கட்டம், அதாவது மாஷ் தேடிவந்த ராவணன் இருந்த பக்கம்.

2000-களில் பெரிய படத்தை இணையத்தில் காட்ட ஜூமிஃபை என்ற ஃபிளாஷ் கருவியைப் பல அருங்காட்சியகங்கள் வைத்திருந்தன. முழுப்படத்தையும் ஒரேயடியாக இறக்கினால் அந்தக் காலத்து இணைப்பு தாங்காது. அதனால் படத்தை 256-க்கு 256 பிக்சல் சதுரங்களாக, தரை ஓடு மாதிரி நறுக்கி வைப்பார்கள். எட்டாயிரத்துச் சொச்சம் பிக்சல் அகலமும் உயரமும் உள்ள படம் என்றால் ஒரு பக்கத்துக்கு 32 ஓடு, மொத்தம் 1024. அதற்கு மேலே அதில் பாதி அளவில் ஓர் அடுக்கு, அதற்கும் பாதி இன்னோர் அடுக்கு, கடைசியில் முழுப்படமும் ஒரே ஓட்டில் அடங்கும் வரை. நீங்கள் பெரிதாக்கும் இடத்தின் ஓடுகளை மட்டும் ஃபிளாஷ் எடுத்துவந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் காட்டும்.

ஆக, செத்தது ஒட்டுகிறவன் மட்டும்தான். ஓடுகள் எல்லாம் சாதாரண ஜேபெக் படங்கள், சர்வரில் அப்படியே கிடக்கும்.

பக்கத்தில் கண்ட்ரோலும் யுவும் சேர்த்து அழுத்தினேன், பக்கத்தின் மூல நிரல் திறந்தது. அதில் 'ஜூமிஃபை இமேஜ் பாத்' என்ற சொல்லைத் தேடினால் ஒரு ஃபோல்டர் முகவரி இருக்கும். அந்த முகவரியின் வாலில் 'டைல்குரூப்0' என்ற ஃபோல்டர் பெயரையும், '0-0-0' என்ற ஜேபெக் பெயரையும் சேர்த்துத் தட்டினேன். (ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறக்கூடாது.) தீப்பெட்டி அளவில் ராவணன் வந்து நின்றான். மாஷ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த 0-0-0 வந்துவிட்டால் மிச்சமும் இருக்கிறது என்று அர்த்தம். முதல் எண் அடுக்கு, இரண்டாவது இடமிருந்து எத்தனையாவது ஓடு, மூன்றாவது மேலிருந்து. கையால் ஆயிரம் ஓடு எடுக்க வேண்டாம், டீஜூமிஃபை என்று இலவசக் கருவி ஒன்று இருக்கிறது. பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் ஓடுகளைச் சேர்த்து ஒரே படமாகத் தந்துவிடும். உரிமை விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தமாகப் பார்ப்பது வேறு, காலண்டர் அடிப்பது வேறு.

ரஃபிள் என்ற நீட்சியையும் முதலில் போட்டுப் பார்த்தேன். ஃபிளாஷ் கோப்புகளை ஃபிளாஷ் இல்லாமலே ஓட்டுவது அது, இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பர் முதல் பழைய ஃபிளாஷ் விளையாட்டுகளையும் அனிமேஷன்களையும் அதை வைத்துத்தான் காட்டுகிறது. இந்தப் பக்கத்தில் பட்டன்கள் வந்தன, படம் வரவில்லை. உங்கள் தளத்தில் வரலாம், போட்டுப் பாருங்கள். ஆனால் 'ஃபிளாஷ் பிளேயரை இங்கே இறக்குங்கள்' என்று எட்டிப்பார்க்கும் எதையும் தொடாதீர்கள். இன்றைக்கு அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் வைரஸ்.

இப்படி மாட்டிக்கொள்வது ஏழைக் காப்பகங்கள் மட்டுமில்லை. ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கின் படைப்புகளுக்காக 1996-இல் தொடங்கிய வில்லியம் பிளேக் காப்பகம், படத்தை உங்கள் திரையில் அசல் ஓவியத்தின் அளவிலேயே காட்ட, உலவிக்குள் ஓடும் சின்ன நிரலான ஜாவா ஆப்லெட் ஒன்றை வைத்திருந்தது. அந்தக் காலத்துக்கு அருமையான யோசனை. 2015 செப்டம்பரில் குரோம் அந்த வகைச் செருகிகளையே (பிளகின்களையே) நிறுத்தியது, 2017-இல் ஃபயர்ஃபாக்ஸும் நிறுத்தியது. பிளேக் காப்பகம் தளத்தைப் புதிதாகக் கட்டியது. புதிதாகக் கட்டப் பணமும் ஆளும் இல்லாத இடங்களில்தான் சாம்பல் கட்டம் மிஞ்சுகிறது.

இங்கே ஒன்று சொல்லணும். உங்கள் காப்பகம் ஓவியத்தின் புகைப்படங்களை வைத்திருக்கிறதா, இல்லை கணினியிலேயே பிறந்த கலையை வைத்திருக்கிறதா? புகைப்படம் என்றால் மேலே சொன்ன மாதிரி ஒட்டுகிறவனைத் தள்ளிவிட்டு ஓடுகளை எடுத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் கலை அமைப்பான ரைசோம் 1999-இல் தொடங்கிய ஆர்ட்பேஸ் காப்பகம் போன்ற இடங்களில் இருப்பது அப்படியில்லை, நிரலும் உலவியும் சேர்ந்ததுதான் படைப்பு. அதற்கு ஓல்ட்வெப் டுடே என்ற தளம் போங்கள். அந்தக் காலத்து நெட்ஸ்கேப்பையும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரையும் உங்கள் உலவிக்குள்ளேயே ஓட்டிக் காட்டும். மெதுவாக ஓடும், டீ குடித்துவிட்டு வரலாம்.

தமிழ்க் குறிப்புகள் உள்ள பழைய தளங்களில் இன்னொரு தொல்லை. மாஷ் காட்டிய ஒரு பக்கத்தில் படங்கள் நன்றாக இருந்தன, அடியில் இருந்த விளக்கம் முழுக்க முக்கால் பின்னமும் சென்ட் குறியும் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளுமாக இருந்தது. "வைரஸா?" என்றார். இல்லை, திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீடு. இன்று எல்லாரும் பயன்படுத்தும் யுனிகோடுக்கு முன்னால், அதில் கோடு போட்ட எழுத்துகளும் குறிகளும் இருந்த இடத்தில் தமிழை உட்கார வைத்திருந்தார்கள். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லே நாலு குறியாகத் தெரியும், 'த' இருக்கும் இடத்தில் முக்கால். அந்த வரிகளை அப்படியே காப்பி செய்து பொங்குதமிழ் மாற்றியில் போட்டால் யுனிகோடாக வந்துவிடும். பாமினி, டாப், டாம் என்று வேறு ஜாதிகளும் உண்டு. ஒன்றில் குப்பையாக வந்தால் அடுத்ததை அழுத்துங்கள்.

நிறத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஃபோனில் பார்க்காதீர்கள். ராத்திரியில் கண்ணுக்கு இதம் என்று ஏதாவது போட்டு வைத்திருப்போம், வெள்ளை எல்லாம் மஞ்சளாகும், அப்புறம் ஓவியனைத் திட்டுவோம்.

கடைசியாக, உங்கள் கணினியில் 4 ஜிபி ராம் இருந்தால் விண்டோஸ் 7-ஐ எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள், இன்றைய ஃபயர்ஃபாக்ஸே ஓடும். கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் லினக்ஸ்தான் என்பதால் இங்கே பிள்ளைகளுக்கு அது புதிதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு ஒன்பதாம் வகுப்பு இருந்தால் போதும், சொல்லிக் கொடுத்துவிடும். மாஷ் பெட்டியில் 2 ஜிபிதான் இருந்தது. அதனால் ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் போட்டு, தேதி தானாகச் சரியாகும்படி வைத்து, ராவணன் படத்தை ஒரு பென்டிரைவில் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து ஃபோன். பதக்கத்தில் ஏழு வரிசைத் துளை, நடு வரிசை மட்டும் அரிசி வடிவம் என்று எண்ணி முடித்துவிட்டாராம். "நல்லது மாஷே, கம்ப்யூட்டர் எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. தங்கச்சி மகன் லீவுக்கு வந்திருக்கான். அதான் பிளக்கைப் பிடுங்கி பீரோவுல வச்சிருக்கேன்."