முதலில் வேலை, அப்புறம்தான் பெர்மிட்

ஐயா, விமான நிலையத்துக்குள் வண்டி ஓட்டும் வேலைக்குப் போக வேண்டும் என்று உங்கள் மகன் பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கான லைசென்ஸை மூன்றே மாதத்தில் வாங்கித் தருவதாக ஒரு பயிற்சி நிலையம் சொல்கிறது, பணம் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். கட்டிவிட்டு, கையில் ஒரு சான்றிதழோடு என் முன்னால் வந்து உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சான்றிதழைக் காட்டினால் எந்த விமான நிலையத்தின் கேட்டும் திறக்காது.

காரணம் எளிது. விமானங்கள் நிற்கும், நகரும் பகுதியில் வண்டி ஓட்டுவதற்கான பெர்மிட்டைத் தருவது அந்தந்த விமான நிலைய நிர்வாகம். அங்கே வேலை செய்யும் ஒரு நிறுவனம், 'இவருக்கு உள்ளே வண்டி ஓட்டும் வேலை இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தால்தான் விண்ணப்பமே நகரும். அதற்கும் முன்னால், பின்னணி விசாரணை முடிந்து, உள்ளே நுழைவதற்கான அடையாள பாஸ் கிடைத்திருக்க வேண்டும். ஒரு விமான நிலையத்தில் வாங்கிய பெர்மிட் இன்னொன்றில் பொதுவாகச் செல்லாது. வண்டி ஓட்டத் தெரியுமா என்பது அங்கே கேள்வியே இல்லை, அதற்குத்தான் சாதாரண லைசென்ஸ் இருக்கிறதே. அந்த இடத்தின் பாதைகள், பலகைகள், விளக்குகள் எல்லாம் மனப்பாடமா என்பதைத்தான் சோதிக்கிறார்கள்.

பெர்மிட்டிலும் படிகள் உண்டு. விமானங்கள் நின்று பயணிகளையும் சாமான்களையும் ஏற்றி இறக்கும் இடத்துக்கு ஏப்ரன் என்று பெயர். புதிதாக வருபவர்களுக்குப் பொதுவாக அங்கே மட்டும் ஓட்டத்தான் அனுமதி. விமானம் ஊர்ந்து போகும் டாக்ஸிவேக்குத் தனி அனுமதி வேண்டும், ஓடுபாதைக்கு அதற்கும் மேல். டாக்ஸிவேக்கும் ஓடுபாதைக்கும் போக, கன்ட்ரோல் டவரோடு ரேடியோவில் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். 2014 அக்டோபரில் மாஸ்கோவின் வ்நுகோவோ விமான நிலையத்தில், ஓடுபாதைக்குள் வந்துவிட்ட ஒரு பனி அகற்றும் வண்டியின் மீது, புறப்பட ஓடிக்கொண்டிருந்த சிறிய ஜெட் விமானம் மோதியது. விமானத்தில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். 2022 நவம்பரில் பெருவின் லிமா நகரில், பயிற்சிக்காக விரைந்த தீயணைப்பு வண்டி ஓடுபாதைக்குள் நுழைந்த நேரத்தில் ஒரு ஏர்பஸ் வேகமெடுத்து வந்துகொண்டிருந்தது. விமானத்தில் இருந்த 108 பேரும் பிழைத்தார்கள். வண்டியில் இருந்த தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் மகன் ஆசைப்படும் வேலையின் கனம் இது, அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

இரவில் அந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். டாக்ஸிவேயின் இரு ஓரமும் நீல விளக்குகள், நடுவில் பச்சை விளக்குகளின் கோடு. அது முடியும் இடத்தில், தரையில் குறுக்காக ஒரு வரிசை சிவப்பு விளக்கு. பக்கத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஓடுபாதையின் எண். ரேடியோவில் 'ஹோல்ட் ஷார்ட், ரன்வே 09' என்று குரல் வருகிறது. 09 என்ற ஓடுபாதைக்குள் போகாமல் வெளியிலேயே நில் என்று பொருள். 'சரி' என்றோ 'ரோஜர்' என்றோ சொன்னால் போதாது. கேட்டதை அப்படியே, தன் வண்டியின் அழைப்புப் பெயரோடு திருப்பிச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்தில் 'கடக்கலாம்' என்று உத்தரவு வருகிறது, ஆனால் சிவப்பு வரிசை அணையவில்லை. அப்போது போகக் கூடாது, நின்று திரும்பக் கேட்க வேண்டும். பின்னால் நாலு வண்டி காத்திருந்தாலும் நின்று கேட்கிற பிள்ளைதான் இந்த வேலைக்கு ஏற்றவன். உங்கள் மகன் அப்படிப்பட்டவனா என்று யோசித்துப் பாருங்கள். வேகமாக ஓட்டுவான் என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள், அது இங்கே உதவாது.

ரேடியோ வேலை செய்யாமல் போனால் டவரிலிருந்து விளக்கால் சைகை காட்டுவார்கள். சர்வதேச விதிப்படி நிலையான சிவப்பு என்றால் நில், சிவப்பு விட்டு விட்டு மின்னினால் ஓடுபாதையையோ டாக்ஸிவேயையோ விட்டு விலகு, விமானம் வருகிறதா என்று பார். பச்சை மின்னினால் கடக்கலாம்.

இத்தனை நிறங்களைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பையன் கனரக வண்டி லைசென்ஸ் எடுத்து, ஆங்கிலம் பழகி, நிறுவனத்தில் தேர்வும் ஆகிவிட்டான். மருத்துவப் பரிசோதனையில்தான் அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்று தெரிய வந்தது. அதுவரை அவனுக்கே தெரியாது. முதல் நாளே கண்ணைச் சோதிக்கச் சொல்லாதது என் தவறு. அன்றிலிருந்து யார் வந்தாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். வேறு எதிலும் பணம் போடுவதற்கு முன்னால், கண் மருத்துவரிடம் நிறக்குருட்டுச் சோதனை செய்துவிடுங்கள்.

அதில் சிக்கல் இல்லை என்றால், செய்ய வேண்டியவை அவன் கையிலேயே இருக்கின்றன. சாதாரண லைசென்ஸ் எடுக்கட்டும், அதில் ஒரு அபராதமும் ஏறாமல் பார்த்துக்கொள்ளட்டும். பேருந்து, எரிபொருள் லாரி ஓட்ட ஆசை என்றால் கனரக லைசென்ஸும் வேண்டும். ஏ, பி, சி என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகும் ரேடியோ எழுத்துகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்குப் பழகட்டும். கடந்த சில ஆண்டுகளில் எங்கே படித்தான், எங்கே வேலை பார்த்தான், எங்கே குடியிருந்தான் என்பதற்கான காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். பின்னணி விசாரணையில் இடைவெளி இருந்தால் பாஸ் இழுத்தடிக்கும்.

அப்புறம், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஓட்டுநர் இடத்தை மட்டும் குறிவைக்க வேண்டாம். விமானங்களுக்கான தரை வேலைகளைச் செய்யும் கிரவுண்ட் ஹேண்ட்லிங் நிறுவனத்தில் சாமான் ஏற்றுபவராகச் சேர்ந்து, சாமான் வண்டிகளை இழுக்கும் பேக்கேஜ் டிராக்டருக்குப் போய், பிறகு விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் புஷ்பேக் வண்டி வரை வந்தவர்கள் உண்டு. நேர்முகத் தேர்வில் அவன் தயங்காமல் கேட்க வேண்டியது ஒன்று: பெர்மிட் பயிற்சிக்கான செலவு யாருடையது?

உள்ளே போன பிறகும் பெர்மிட் நிரந்தரம் இல்லை. காலக்கெடு முடிந்தால் மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு. வேக வரம்பை மீறினால், ஓட்டும்போது போனை எடுத்தால் பறித்துவிடுவார்கள். பெர்மிட் போனால் அநேகமாக வேலையும் போகும். தரையில் ஒரு போல்ட் கிடந்தால் இறங்கி எடுப்பதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். 2000-இல் பாரிஸ் அருகே ஒரு கான்கார்ட் விமானம் விழுந்து 113 பேர் இறந்ததற்குத் தொடக்கம், வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் உதிர்ந்து கிடந்த உலோகத் துண்டு.

இந்த வாரமே கண் பரிசோதனையை முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கனரக லைசென்ஸுக்கு இப்போதே போவதா, முதலில் வேலையில் சேர்ந்துவிட்டு எடுப்பதா என்பதை அதை வைத்துப் பேசலாம். அடுத்த கடிதத்தை முடிந்தால் உங்கள் மகனையே எழுதச் சொல்லுங்கள்.