மூழ்கியது ஒரே இரவிலா?

கேள்வி: இத்தாலியில் பாயா என்ற ஊரில் ரோமப் பேரரசரின் அரண்மனை கடலுக்கடியில் கிடக்கிறதாமே. அங்கே நடந்த அக்கிரமங்களைப் பொறுக்காமல் கடவுள் ஒரே இரவில் அதை மூழ்கடித்தார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. உண்மையா? போய்ப் பார்க்க முடியுமா?
— வாசகர், திண்டிவனம்

பதில்: அரண்மனை உண்மை. (ஆட்டுக்கால் பாயா அல்ல, ஊர்ப் பெயரே அதுதான், நேப்பிள்ஸ் பக்கம்.) அக்கிரமமும் ஓரளவு உண்மை. நீரோ தன் தாய் அக்ரிப்பினாவைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போட்டு விருந்துக்கு அழைத்தது இந்தக் கடற்கரைக்குத்தான், கி.பி. 59ல். அதற்குச் சில வருடங்கள் கழித்து இங்கே வந்த ரோமத் தத்துவஞானி செனகா, ஊரின் கூத்தைச் சகிக்காமல் மறுநாளே மூட்டை கட்டிவிட்டார். 'ஒரே இரவில்' என்பதுதான் வடிகட்டின பொய்.

அந்த ஊர் ஒரு பெரிய எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறது. அடியில் பாறைக் குழம்பு, அதன் சூட்டில் கொதிக்கும் நீர், வாயு. அழுத்தம் கூடினால் தரை உப்பும், குறைந்தால் அமுங்கும். பேரரசர்கள் அங்கே மாளிகை கட்டக் காரணமே அந்தச் சூடு கொடுத்த வெந்நீர் ஊற்றுகள்தான். குளிக்கக் கூப்பிட்ட அதே சூடுதான், நூற்றாண்டுக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை உள்ளே இழுத்தது. கடல் பொங்கி வரவில்லை, தரை இறங்கிப் போனது. நீரோ செத்தது 68ல். மூழ்கல் முடிவதற்குள் அவன் எலும்பும் மிஞ்சியிருக்காது. தண்டனை என்றால் ரொம்பவே தாமதமான தண்டனை.

சாட்சி வேண்டுமா? அதே எரிமலைப் பள்ளத்தில், வளைகுடாவின் எதிர்க்கரையில் பொட்சுவோலி என்ற ஊர். பழைய சேரநாட்டு முசிறித் துறைமுகத்தில் ஏற்றிய நம்மூர் மிளகு அலெக்சாண்டிரியா வழியாகப் போய் இறங்கிய ரோமானியத் துறைகளில் அது முக்கியமானது. அங்கே பழைய சந்தை ஒன்றின் மூன்று பளிங்குத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. கீழ்ப்பகுதி வழவழவென்று இருக்கும். ஆள் உயரத்துக்கு மேலே போனால், கறையான் அரித்த உத்தரம் மாதிரி ஒரு பட்டை முழுக்க ஓட்டைகள். கல்லைத் துளைக்கும் கடற்சிப்பியின் வேலை அது. அந்தச் சிப்பி கடல்நீரில்தான் வாழும். அப்படியானால் தூண் நின்றபடியே அந்த உயரம் வரை கடலுக்குள் இறங்கி, பிறகு நின்றபடியே வெளியே வந்திருக்க வேண்டும். திடீர்ப் பிரளயமாக இருந்தால் தூண் நிற்குமா? நிலவியல் அறிஞர் சார்லஸ் லயெல் 1830ல் தன் நிலவியல் நூலின் முகப்புப் படமாகவே இந்தத் தூண்களைப் போட்டார்.

இன்னொன்று. 1982லிருந்து 1984க்குள் பொட்சுவோலியில் தரை சுமார் 1.8 மீட்டர் மேலே எழும்பியது. துறைமுகத்தில் ஆழம் போய்ப் படகு கட்டவே திண்டாட்டம். 2005லிருந்து மறுபடியும் ஏறிக்கொண்டிருக்கிறது. இறங்கியது தண்டனை என்றால் ஏறுவது என்ன, மன்னிப்பா? அரண்மனையோடு சேர்ந்து அன்றைய துறைமுகமும் அல்லவா மூழ்கியது! அங்கே மூட்டை தூக்கியவன் என்ன பாவம் செய்தான்? வீடியோக்காரரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

பார்க்கலாம், தாராளமாக. சுமார் 5 மீட்டர் ஆழத்தில் நீரோவுக்கு முன் ஆண்ட பேரரசர் கிளாடியஸ் காலத்து விருந்துக்கூடம் இருக்கிறது. நடுவில் தடாகம், ஓரங்களில் சாய்ந்து உண்ண இருக்கைகள், கோடியில் ஒற்றைக்கண் அரக்கனுக்கு மது நீட்டும் கிரேக்கக் காவிய நாயகன் யுலிசஸ் சிலை. அரக்கன் சிலை கிடைக்கவே இல்லை. பாவம், யுலிசஸ் கிண்ணத்தை நீட்டியபடி நிற்கிறார். உங்கள் வீடியோவில் மீன்கள் சுற்றி வரும் சிலைகளைக் காட்டியிருப்பார்களே, அவை நகல்கள். அசல்கள் கரையில் பாயா கோட்டை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. முதலில் அங்கே போங்கள். முக்குளிக்கத் தெரிந்தவர்கள் வழிகாட்டியோடு கடலுக்குள் இறங்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு அடியில் கண்ணாடி பதித்த படகு உண்டு. ஆனால் கடல் கலங்கிய நாளில் ஏறிவிடாதீர்கள். காசு கொடுத்து, கண்ணாடியில் உங்கள் முகத்தையே பார்த்துவிட்டு வருவீர்கள்.