ஃபிளாரன்ஸிலிருந்து சியனாவுக்கு வாடகைக் காரில்: காசு எங்கே கரையும்?

கேள்வி: மே மாதம் நானும் கணவரும் என் அப்பா அம்மாவுடன் இத்தாலி போகிறோம். ஃபிளாரன்ஸில் சில நாள் தங்கிவிட்டு, கியாந்தி மலைப்பாதை வழியாகக் கார் ஓட்டிக்கொண்டு சியனா போக ஆசை. ஒரு இணையதளத்தில் நாளுக்கு 35 யூரோ என்று போட்டிருக்கிறார்கள். ஃபிளாரன்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எடுத்து சியனாவில் விடலாமா? நம் ஊர் லைசென்ஸ் போதுமா? கூடுதல் காப்பீடு வாங்க வேண்டுமா?

பதில்: போங்கள், நல்ல பாதை. ஆனால் அந்த 35 யூரோவை வைத்து பட்ஜெட் போடாதீர்கள்.

இரண்டு ஊருக்கும் நடுவே இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று நால்வழிச் சாலை, ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். மற்றது நீங்கள் கேட்ட மலைப்பாதை, எஸ்.ஆர். 222, கியாந்திஜானா என்பார்கள். 70 கிலோமீட்டர் சொச்சம். இரண்டிலும் சுங்கம் கிடையாது. நிற்காமல் ஓட்டினாலே கியாந்திஜானாவில் இரண்டு மணி நேரம் ஆகும். நிற்காமல் ஓட்டுவதற்கு அந்த வழியில் போக வேண்டியதே இல்லை, அதனால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். வழியில் வரும் கிரேவே ஊரில் சந்தைத் திடலே முக்கோண வடிவம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். நடுவில் நிற்கும் சிலை வெர்ரத்சானோவுடையது. 1524-இல் நியூயார்க் விரிகுடாவுக்குள் கப்பலைச் செலுத்திய மாலுமி. சனிக்கிழமை காலை அங்கே சந்தை கூடும், கார் நிறுத்த இடம் தேடியே அலுத்துவிடுவீர்கள். அடுத்து பன்சானோ, மலை முகட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர். இருபுறமும் திராட்சைத் தோட்டம் சரிந்து இறங்கும். கஸ்தெல்லீனா என்ற ஊரில் மதிலை ஒட்டி, மேலே கூரை மூடிய பழைய நடைபாதை ஒன்று இருக்கிறது. வெயில் நேரத்தில் அப்பா அம்மாவை அங்கே நடக்க வைக்கலாம். நேரம் மிச்சமிருந்தால் மான்தெரிஜோனிக்குத் திரும்புங்கள்: ஒரு குன்று, அதைச் சுற்றி வட்ட மதில், 14 கோபுரங்கள், உள்ளே ஒரு சின்ன ஊர். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் நரகத்தின் அரக்கர்களுக்கு உவமையாகச் சொன்னது இந்தக் கோபுரங்களைத்தான்.

இனி காசு விஷயம். இந்தப் பயணத்தில் பணம் சாலையில் போவதில்லை. கார் எடுக்கும் கவுண்டரிலும், இரண்டு ஊர்களின் நுழைவாயிலிலும்தான் போகும்.

கவுண்டரில் முதலில் கேட்பது கிரெடிட் கார்டு. யார் ஓட்டுகிறாரோ அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். டெபிட் கார்டையும் ஃபாரெக்ஸ் கார்டையும் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை, முன்பணம் கட்டியிருந்தாலும் காரைத் தர மாட்டார்கள். அந்தக் கார்டில் ஆயிரம் யூரோவுக்கு மேல்கூட வைப்புத்தொகையாக முடக்கி வைப்பதுண்டு. இத்தாலியில் வாடகையோடு அடிப்படைக் காப்பீடு பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஆனால் காருக்குச் சேதம் ஏற்பட்டால் முதல் ஆயிரம், இரண்டாயிரம் யூரோ உங்கள் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நீக்கத்தான் கவுண்டரில் தினக்கட்டணம் சொல்லி இன்னொரு திட்டம் விற்பார்கள். முன்பதிவு இணையதளங்கள் 'முழுக் காப்பீடு' என்று மலிவாக விற்பது வேறு வகை. சேதமானால் கார் நிறுவனத்துக்கு முதலில் நீங்கள் கட்ட வேண்டும், பிறகு ரசீதுகளை அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும். அதை வாங்கியிருந்தாலும் வைப்புத்தொகை முடங்கத்தான் செய்யும். கார்டில் வரம்பு தாராளமாக இருந்தால் நான் அந்த மலிவானதையே எடுப்பேன். வரம்பு இறுக்கமென்றால், அல்லது ஊர் திரும்பிய பிறகு மின்னஞ்சல் அனுப்பி மல்லுக்கட்டப் பொறுமை இல்லையென்றால், கவுண்டரில் விற்பதே நிம்மதி. எதுவானாலும் டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் இதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். திராட்சைப் பண்ணைகளுக்குப் போகும் கிளைச்சாலைகள் பல இடங்களில் வெள்ளைச் சரளைக்கல் பாதைகள். அடிபடுவது அந்தப் பாகங்கள்தான். காரை எடுக்கும்போதும் விடும்போதும் நாலு பக்கமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இசட்.டி.எல். பழைய நகர்ப்பகுதிக்குள் அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாது என்ற விதி இது. காவலர் யாரும் நிற்க மாட்டார். கேமரா நம்பர் பலகையைப் படம் பிடித்துவிடும். ஃபிளாரன்ஸில் நுழைவிடத்தில் மின்பலகை இருக்கும். அதில் 'வார்கோ அத்தீவோ' என்றிருந்தால் வழி திறந்திருக்கிறது என்று பலர் நினைத்து உள்ளே போய்விடுகிறார்கள். கேமரா வேலை செய்கிறது, போகாதே என்று அர்த்தம். ஒவ்வொரு கேமராவைத் தாண்டியதற்கும் தனித்தனி அபராதம் வரலாம். ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள கார் அலுவலகங்கள் இந்தத் தடைப்பகுதியின் உள்ளேயோ விளிம்பிலோ இருப்பதால் அங்கே எடுக்காதீர்கள். ரயில் நிலையத்திலிருந்து டி2 டிராமில் இருபது நிமிடத்தில் விமான நிலையம், அங்கே எடுங்கள்.

சியனாவில் மதிலுக்குள் காரை மறந்துவிடுங்கள். சாந்தா கத்தரீனா வாகன நிறுத்தத்தில் விட்டால் அங்கிருந்து நகரும் படிக்கட்டு கதீட்ரல் பக்கம் ஏற்றிவிடும். முட்டிவலிக்காரர்களுக்குப் பெரிய வரம். ஹோட்டல் உள்ளே இருந்தால் உங்கள் கார் எண்ணைப் பதிவு செய்து தருவார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். காரை சியனாவில் விடுவதை நான் சொல்ல மாட்டேன். வேறு ஊரில் விடத் தனிக் கட்டணம் உண்டு, சின்ன ஊர் அலுவலகங்கள் மதியமும் ஞாயிறும் மூடியிருக்கும். கியாந்தியில் ஓர் இரவு தங்கி, சியனா பார்த்து, நால்வழிச் சாலையில் விமான நிலையத்துக்கே திரும்பி விடுவதுதான் கணக்கில் மிச்சம்.

லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம். உங்கள் ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்தால் ஓராண்டுக்குத் தருவார்கள். கிளம்புகிற வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். நாலு பேருக்கு நாலு பெரிய பெட்டி என்றால் 35 யூரோ கார் போதாது. கியரை அங்கே வலக்கையால் போட வேண்டும். வளைவுப் பாதையில் பழக்கமில்லாத கைக்கு அது தொல்லை, ஆட்டோமேட்டிக்குக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். உங்கள் அம்மாவுக்கு வளைவில் தலைசுற்றும் என்றால் கார் யோசனையையே விடுங்கள். 131 எண் விரைவுப் பேருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் சியனாவின் பழைய நகர் வாசலிலேயே இறக்கிவிடும்.

கேள்வி: இத்தாலி போய்வந்து இரண்டு மாதம் கழித்து கார் நிறுவனம் என் கார்டில் 50 யூரோ எடுத்திருக்கிறது. மோசடியா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அந்தக் கார் போக்குவரத்து விதியை மீறியதாகப் போலீஸ் கேட்டபோது உங்கள் பெயர், முகவரி கொடுத்ததற்கான கட்டணம் அது, ஒப்பந்தத்தில் இருக்கும். விதி மீறிய தேதி உங்கள் வாடகை நாட்களுக்குள் வருகிறதா என்று மட்டும் பாருங்கள், வராவிட்டால் வங்கியில் புகார் செய்யலாம். எரிச்சலான செய்தி என்னவென்றால், அபராதம் இதில் சேரவில்லை. அது தனியாகத் தபாலில் வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. கையில் கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் பொதுவாக 30 சதவீதம் தள்ளுபடி.

கேள்வி: பண்ணையில் ஒயின் ருசி பார்த்துவிட்டு ஓட்டலாமா?

பதில்: ரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. லைசென்ஸ் எடுத்து மூன்று ஆண்டு ஆகாதவருக்குப் பூஜ்யம். ஓட்டுபவர் பாட்டிலாக வாங்கிக்கொண்டு சியனா போய்த் திறக்கட்டும்.

கேள்வி: அங்கே பெட்ரோல் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: 'செர்வீதோ' என்று எழுதிய பம்பில் ஆள் வந்து போடுவார், விலை கூடுதல். 'செல்ஃப்' பக்கம் போங்கள். பச்சைக் குழாய் 'பென்சீனா', அதுதான் பெட்ரோல். 'கசோலியோ' என்றால் டீசல். ஆளில்லாத இயந்திரம் போட்டதைவிடப் பெரிய தொகையை முதலில் கார்டில் நிறுத்திவைக்கும், பிறகு விடுவிக்கும். ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள்.