பெங்களூரில் படிக்கிறேன், ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: ஷெங்கன் விசா போதுமா?

போதாது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை என்றால் நேஷனல் விசாதான், அதாவது நீண்ட காலம் தங்குவதற்கான டி வகை. ஷெங்கன் என்பது ஐரோப்பிய நாடுகளுக்கான குறுகிய கால விசா; அதில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்க முடியும். "அங்கே போய் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள், தேர்வு எழுதாமலே திரும்ப நேரிடும்.

அழைப்புக் கடிதத்தில் கடைசித் தேர்வுத் தேதியைப் பார்த்து, தரையிறங்கும் நாளிலிருந்து 90 நாளைத் தாண்டுகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டில் சேலம் முகவரி இருந்தால், விசாவுக்கு விண்ணப்பிப்பது சென்னையிலா, பெங்களூரிலா என்ற குழப்பம் வரும். இப்போது எங்கே வசிக்கிறீர்கள் என்பதே கணக்கு. ஹாஸ்டலில் தங்கியிருப்பதற்குக் கல்லூரியின் போனஃபைடு சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

பிளாக்டு அக்கவுண்ட்டுக்கு (செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) மாதம் 992 யூரோ, ஐந்து மாதத்துக்கு 4,960. இந்தத் தொகை அவ்வப்போது உயரும். பணம் அனுப்பும் முன் தூதரகத் தளத்தில் சரிபாருங்கள்.