ஈ.சி.இ. படித்தால் டெலிகாமில் வேலை இருக்குமா?

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். அவன் கட்-ஆஃபுக்கு பி.இ. கவுன்சலிங்கில் ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) கிடைக்கும், நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைப்பது சந்தேகம் என்கிறார்கள். "ஏர்செல்லே மூடிட்டுப் போயிட்டான், பி.எஸ்.என்.எல்.ல இருந்தவங்களையே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அதை நம்பிப் பையனைச் சேர்க்காதே" என்று என் அண்ணன் தடுக்கிறார். 5ஜி, 6ஜி என்று இவ்வளவு பேசுகிறார்களே, அதில் வேலை இல்லையா?
— ஒரு தாய், குடியாத்தம்

பதில்: சேர்க்கலாம் அம்மா. ஆனால் "டெலிகாம் கம்பெனியில் வேலை" என்று மனதில் ஒரு படம் வைத்திருக்கிறீர்களே, அதை முதலில் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

உங்கள் அண்ணன் சொன்ன இரண்டும் நடந்தவைதான். தமிழ்நாட்டில் கொடிகட்டிப் பறந்த ஏர்செல் 2018 தொடக்கத்தில் திவால் மனு போட்டது. பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் 78,500 பேர் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியேறினார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் செல்போன் கம்பெனிகளின் 122 லைசென்ஸ்களை ரத்து செய்ததில் தொடங்கிய சரிவு அது. இன்று நாடு முழுக்க மொபைல் சேவை தருவது ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். என்ற நான்கு பேர்தான்.

மிஞ்சியவர்களுக்கும் நெருக்கடி தீரவில்லை. 2022 ஏலத்தில் 5ஜி அலைக்கற்றைக்கு மட்டும் எல்லோருமாகச் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தார்கள். அதைத் தவணை தவணையாகக் கட்டி வருகிறார்கள். வேகம் பத்து மடங்கு கூடியது என்பதற்காக நாம் பத்து மடங்கு ரீசார்ஜ் செய்யப்போவதில்லை. பழையதை அணைத்துவிட்டுப் புதியதற்குப் போகவும் முடியாது. ஏர்டெல் 3ஜியை நிறுத்திவிட்டாலும், பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்காக 2ஜியை இன்னும் ஓட்டுகிறது. ஒரே டவரில் 2ஜி, 4ஜி, 5ஜி மூன்றுக்கும் கரண்ட், மூன்றுக்கும் பராமரிப்பு. ஜியோ 2016இல் 4ஜியோடு நேராக வந்ததால் அந்தச் சுமை அதற்கு இல்லை.

இந்த நெருக்கடிக்குக் கம்பெனிகள் கண்ட வழி, தன் ஆளாக யாரையும் அதிகம் வைத்துக்கொள்ளாமல் இருப்பது. ஏர்டெல் 2004இலேயே நெட்வொர்க் நிர்வாகத்தை எரிக்சன், நோக்கியா போன்றவர்களிடம் கொடுத்துவிட்டது. டவர்கள் இண்டஸ் டவர்ஸ் போன்ற டவர் கம்பெனிகளின் கைக்குப் போயின. அவர்கள் ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுப்பார்கள், அவர் இன்னொரு சப்-காண்ட்ராக்டரிடம். சட்டையில் ஒரு கம்பெனி பெயர் இருக்கும், சம்பளம் போடுகிறவர் வேறொருவராக இருப்பார். ஆகவே எந்தக் கம்பெனி என்று கேட்பதைவிட என்ன வேலை என்று கேட்பதுதான் உங்கள் மகனுக்கு உதவும். வேலை இன்று மூன்று இடங்களில் இருக்கிறது: தெருவில் ஓடும் பைபர் (தகவலை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிள்), டவரின் அடிவாரம், சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் சாஃப்ட்வேர்.

பைபர் வேலை உள்ளூரிலேயே கிடைக்கும். தகவலை மைக்ரோவேவ் டிஷ் வழியாக அனுப்பி ஓட்டிய பழைய டவர்களுக்கு 5ஜி வந்ததும் அந்தக் கொள்ளளவு போதவில்லை. கீழே பைபர் வந்தாக வேண்டும். வீடுகளுக்கும் பைபர் போகிறது. தமிழ்நாடு பைபர்நெட் கழகம் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் வேலையில் இருக்கிறது. போட்டுவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. சாலை அகலப்படுத்தினாலும், குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டினாலும் ஜே.சி.பி. முதலில் கடிப்பது இந்தக் கேபிளைத்தான்.

பைபர் இழையின் வெளி விட்டம் 125 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), நடுவில் ஒளி ஓடும் பகுதி 9 மைக்ரான் அளவுதான். மேல் பூச்சை உரித்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, கிளீவர் என்ற வெட்டும் கருவியில் செங்குத்தாக வெட்டி, இரண்டு இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்தால் சில விநாடிகளில் ஒட்டிவிடும். பாதுகாப்பு ஸ்லீவை ஒட்டுவதற்கு முன்பே ஒரு பக்க இழையில் கோத்துவிட வேண்டும். மறந்தால் ஒட்டியதை வெட்டிப்போட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். நல்ல ஜாயின்ட்டில் ஒளி இழப்பு 0.05 டெசிபெல்லுக்குள் (ஒளி எவ்வளவு குறைந்தது என்பதற்கான அலகு) நிற்கும். 0.1ஐத் தாண்டினால் பெரும்பாலும் வெட்டு கோணலாக இருக்கும், அல்லது வெட்டிய பிறகு முனையில் விரலோ துணியோ பட்டிருக்கும். இந்தக் கைவேலையை ஐ.டி.ஐ. படித்த பையன் பி.இ. படித்தவனைவிட வேகமாகவே செய்வான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பி.இ. படித்தவனிடம் எதிர்பார்ப்பது கணக்கு.

இப்படி ஒரு கணக்கு. குடியாத்தம் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஓ.எல்.டி. கருவி (வீடுகளுக்கு ஒளியை அனுப்பும் தலைமைப் பெட்டி) 3 டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) அளவில் ஒளியை அனுப்புகிறது. வழியில் நான்காகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் சுமார் 7 டெசிபெல் போகும், அடுத்து எட்டாகப் பிரிப்பதில் 10.5. எட்டு கிலோமீட்டர் கேபிளுக்குக் கிலோமீட்டருக்கு 0.25 வீதம் 2. நான்கு கனெக்டருக்கு 0.5 வீதம் 2. ஆறு ஜாயின்ட்டுக்கு 0.6. மொத்தம் 22.1 போனால், வீட்டில் இருக்கும் பெட்டிக்கு மைனஸ் 19.1 வந்து சேர வேண்டும். பெட்டி மைனஸ் 27 வரை தாங்கும். அங்கே போய்ப் பார்த்தால் மைனஸ் 28 காட்டுகிறது என்று வையுங்கள். ஏறக்குறைய 9 டெசிபெல் எங்கே போனது? அனுபவமில்லாதவன் பெட்டியை மாற்றுவான். தெரிந்தவன் முதலில் கனெக்டர் முனையைத் துடைப்பான், பிறகு பச்சைக் கனெக்டரில் நீலக் கனெக்டரைச் செருகியிருக்கிறார்களா என்று பார்ப்பான். பச்சையின் முனை சாய்வாகத் தேய்த்தது, நீலத்தினுடையது சாய்வில்லாதது, இரண்டும் சேர்ந்தால் நடுவில் இடைவெளி விழும். அதுவும் இல்லையென்றால் ஓ.டி.டி.ஆர். (கேபிளில் எந்த இடத்தில் ஒளி இழப்பு என்று காட்டும் கருவி) வைத்து 1310, 1550 நானோமீட்டர் என்ற இரண்டு ஒளி அலைநீளத்திலும் அளப்பான். 1310இல் குறைவாகவும் 1550இல் பெரிதாகவும் இழப்பு தெரிந்தால் எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது, அநேகமாக ஜன்னல் ஓரத்தில் இறுக்கி அடித்த கிளிப். இரண்டிலும் ஒரே அளவு என்றால் ஜாயின்ட் கோளாறு. இந்த ஒரு பத்தியை நேர்முகத் தேர்வில் தன் வார்த்தையில் சொல்லத் தெரிந்த மாணவனை யாரும் சும்மா அனுப்பமாட்டார்கள்.

அடுத்தது டவரின் அடிவாரம். மேலே ஏறுவதுதான் டவர் வேலை என்று நினைக்கிறோம். 5ஜி வந்தபின் தலைவலி கீழேதான் அதிகம். 5ஜி ஆன்டெனா யூனிட் ஒன்று முழு லோடில் சுமார் ஒரு கிலோவாட் இழுக்கும். மூன்று பக்கத்துக்கு மூன்று; 48 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 60 ஆம்பியருக்கு மேல் கூடுதல். கரண்டை டி.சி.யாக மாற்றும் பழைய ரெக்டிஃபையரும் கேபிளும் அதற்காகப் போட்டவை அல்ல. லெட்-ஆசிட் பேட்டரி 25 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொது விதி. கத்திரி வெயிலில் வேலூர் பக்கம் வெளியே வைத்த கேபினெட்டுக்குள், ஃபேன் ஃபில்டரில் புழுதி அடைத்திருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். லித்தியம் பேட்டரிக்கு மாறுவது இதனால்தான். அதைப் பராமரிக்க மின்சாரமும் மென்பொருளும் இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும்.

இன்னொன்று நேரம். இந்தியாவில் பெரும்பாலும் ஓடும் 3.3 கிகாஹெர்ட்ஸ் 5ஜியில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில், முறை வைத்து நடக்கின்றன. ஒற்றைப் பாதைப் பாலத்தில் இரண்டு பக்கமும் மாறி மாறி வண்டி விடுவது போல. அதற்கு எல்லா டவர்களும் ஒரே கணத்தில் மாற வேண்டும். பிசகு பிளஸ் மைனஸ் 1.5 மைக்ரோவிநாடிக்குள் இருக்க வேண்டும். நேரத்தை டவரில் உள்ள ஜி.பி.எஸ். ஆன்டெனா தருகிறது, அல்லது பைபர் வழியாக வருகிறது. அந்த ஜி.பி.எஸ். கேபிளின் கனெக்டரில் மழைநீர் இறங்கினால் டவர் உடனே நின்றுவிடாது. தன் உள் கடிகாரத்தை வைத்துச் சில மணி நேரம் ஓட்டும், மெல்ல விலகும். விலகியதும் அது பேசும் நேரத்தில் பக்கத்து டவர் கேட்டுக்கொண்டிருக்கும். புகார் பக்கத்து டவரிலிருந்து வரும். ஆட்களும் அங்கேதான் போய்த் தேடுவார்கள். அந்த வட்டாரத்தின் எல்லா டவர்களின் சின்க் அலாரத்தையும் (நேரம் பிசகினால் வரும் எச்சரிக்கை) ஒன்றாகப் பார்க்கத் தெரிந்த இன்ஜினியர் அரை மணியில் முடிப்பார்.

மலைப்பகுதி வேறு கதை. ஒடுகத்தூர் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால் 3.3 கிகாஹெர்ட்ஸ் ஒரு மடிப்பைத் தாண்டாது. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைதான் எட்டும். எங்கே எதை வைப்பது என்று திட்டமிடும் ரேடியோ பிளானிங் வேலை ஈ.சி.இ.காரர்களுடையது, கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் சுலபமாக நுழைய முடியாத இடம்.

மூன்றாவது, சாஃப்ட்வேர். முன்பு எக்ஸ்சேஞ்சில் பீரோ அளவு மெஷின் செய்த வேலையை இன்று சாதாரண சர்வரில் ஓடும் நிரல் செய்கிறது. 2022 அக்டோபரில் 5ஜி வந்தபோது ஜியோ முழுக்கப் புதிய கோர் (நெட்வொர்க்கின் மையப் பகுதி) போட்டது. ஏர்டெல் முதலில் 4ஜி கோரின் மேலேயே 5ஜி ரேடியோவை வைத்தது. எப்படியானாலும் போகும் திசை ஒன்றுதான். லினக்ஸ், ஐ.பி. ரூட்டிங், பைத்தான், குபெர்நெட்டிஸ் (பல சர்வர்களில் நிரல்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) தெரிந்த ஈ.சி.இ. மாணவனுக்கு இங்கே கதவு திறக்கும். பி.எஸ்.என்.எல். 4ஜிக்கு டி.சி.எஸ்., மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட், பெங்களூரின் தேஜஸ் நெட்வொர்க்ஸ் சேர்ந்து உள்நாட்டிலேயே கருவிகளைச் செய்து, 2025 செப்டம்பரில் அதைத் தொடங்கியும் வைத்துவிட்டார்கள். நோக்கியாவின் தொழிற்சாலை சென்னைப் பக்கத்தில் இருக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு ஊரும் எட்டும் தூரம்தான்.

இதைக் கற்க லட்சம் கட்டி எந்த இன்ஸ்டிட்யூட்டிலும் சேர வேண்டாம். 8 ஜி.பி. ராம் உள்ள லேப்டாப்பில் உபுண்டு போட்டு, ஓப்பன்5ஜிஎஸ் (கோர்), யுஇரான்சிம் (டவரும் போனும் போல நடிப்பது) என்ற இரண்டு இலவச மென்பொருள்களை நிறுவினால் ஒரு குட்டி 5ஜி நெட்வொர்க்கே வீட்டில் ஓடும். முதல் முறை ஓடாது, அதுதான் பாடம். இரண்டு பக்கமும் நெட்வொர்க் எண் ஒன்றாக இல்லாவிட்டால் டவர் இணையாது. சிம் சாவி எண்களில் ஒரு எழுத்து பிசகினால் அடையாளச் சோதனையில் நிற்கும். எல்லாம் சரியாகி ஐ.பி. முகவரி வந்தும் இணையம் வரவில்லையென்றால் லினக்ஸில் ஐ.பி. ஃபார்வர்டிங், நாட் (NAT) என்ற இரண்டு அமைப்புகளையும் போடவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு தவறையும் வயர்ஷார்க்கில் (நெட்வொர்க்கில் போகும் தகவலைக் காட்டும் மென்பொருள்) படம் பிடித்து, ஏன் என்று ஒரு வரி எழுதி வைக்கட்டும். சான்றிதழைவிட அந்த நோட்டு மதிப்புள்ளது. சி.சி.என்.ஏ. என்ற சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ் நல்லதுதான், ஆனால் தேர்வுக் கட்டணமே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். மூன்றாம் ஆண்டு முடிந்து எழுதினால் போதும். ஐ.ஐ.டி.க்களின் ஆன்லைன் வகுப்புகளான என்.பி.டெல்.லைக் கேட்பது இலவசம்.

இப்போது கவுன்சலிங். சுமாரான கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா, நல்ல கல்லூரியில் ஈ.சி.இ.யா என்றால் நான் இரண்டாவதையே சொல்வேன். ஈ.சி.இ. படித்தவன் சாஃப்ட்வேருக்கும் போகலாம், சிப் டிசைனுக்கும் போகலாம். பாகாயம் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி கட்-ஆஃபுக்கு எட்டுமானால் விருப்பப் பட்டியலில் மேலே போடுங்கள். வி.ஐ.டி. இந்தக் கவுன்சலிங்கில் வராது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் துறைத் தலைவரைப் பார்த்து இரண்டு கேள்வி கேளுங்கள்: சென்ற ஆண்டு ஈ.சி.இ. மாணவர்கள் எந்த வேலைக்கு எடுக்கப்பட்டார்கள், கம்பெனி பெயரோடு பதவிப் பெயரும் உண்டா? லேபில் ஸ்ப்ளைசிங் மெஷினும் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் (ரேடியோ அலைகளை அளக்கும் கருவி) மாணவர் கையில் கொடுக்கப்படுகின்றனவா, அல்லது கண்ணாடி அலமாரியில் இருக்கின்றனவா? ஒன்று மட்டும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்: மகனுக்குக் கணக்கு பிடிக்குமா? சிக்னல்ஸ் பாடம் முழுக்கக் கணக்கு. வெறுப்பவனை இதில் தள்ள வேண்டாம்.

படித்து முடித்துக் காண்ட்ராக்டரிடம் முதல் வேலை கிடைத்தால் தயங்காமல் போகலாம், இரண்டு வருடம் கற்றுக்கொள்ளும் இடம் அது. ஆனால் பி.எஃப். எண்ணும் இ.எஸ்.ஐ.யும் ஆர்டரில் இருக்க வேண்டும்; பெட்ரோல் காசு யாருடையது, டவர் ஏறச் சொன்னால் முழு உடல் பெல்ட்டும் இரட்டைக் கயிறும் தருவார்களா என்று எழுத்தில் வாங்க வேண்டும். வேலைக்கு முன் "ரெஜிஸ்ட்ரேஷன்", "ட்ரெயினிங் டெபாசிட்" என்று பணம் கேட்டால் அது வேலை அல்ல. உங்கள் மாடியில் 5ஜி டவர் வைக்கிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று வரும் போனும் அதே ரகம்.

அண்ணனுக்கு அரசு வேலைதான் வேலை என்றால் அதற்கும் வழி உண்டு. பி.எஸ்.என்.எல்.லை மட்டும் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ரயில்வே சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவைப் பாருங்கள். 2021இல் ரயில்வேக்கு 700 மெகாஹெர்ட்ஸில் 5 மெகாஹெர்ட்ஸ் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். ரயில் மோதலைத் தடுக்கும் கவச் முறையும் ரேடியோவில்தான் ஓடுகிறது. ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் என்று நம் பக்கத்துப் பெரிய ஜங்ஷன்களிலெல்லாம் இந்தப் பிரிவுக்கு ஆள் தேவை. ரயில்வே தேர்வு வாரியமான ஆர்.ஆர்.பி.யின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வை டிப்ளமோ படித்தவர்களும் எழுதலாம், பி.இ. படித்தவர்களும் எழுதலாம். முதல் தாளில் பொதுக் கணக்கும் ரீசனிங்கும் இருப்பதால் மூன்றாம் ஆண்டிலிருந்தே தினமும் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.