டெலாஹே 135: பாடி கட்டியது யார், வைத்திருந்தது யார்?

பழைய புகைப்படத்தில் இருக்கும் டெலாஹே 135 என்ற பிரெஞ்சு காருக்கு பாடி கட்டியது யார், அது யாரிடம் இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். டெலாஹே கம்பெனி பெரும்பாலும் சேஸிஸும் (காரின் அடிச்சட்டம்) இன்ஜினும்தான் செய்து கொடுத்தது, பாடியை ஃபிகோனி எ ஃபலாஸ்கி, ஷாப்ரோன் மாதிரி பட்டறைகள் கட்டின. சக்கரங்களை முழுக்க மூடிய, நீர்த்துளி போல வழிந்திறங்கும் மட்கார்டு என்றால் முதலில் ஃபிகோனியைத்தான் நினைப்பேன். ஆனால் வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள், பின்னாளில் பாடி மாற்றிய கார்கள் நிறைய. சேஸிஸ் எண் வேறு, பாடி எண் வேறு, இரண்டும் வேண்டும்.

அப்புறம் நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1928 முதல் 1950 வரை பிரெஞ்சு பிளேட்டின் எழுத்துகளே மாவட்டத்தைச் சொல்லிவிடும்: ‘ஆர்’ என்று தொடங்கினால் பாரிஸ் பக்கம், ‘பிஏ’ என்றால் நீஸ் பக்கம். அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேடு தப்பியிருந்தால், உரிமையாளர் பெயர் அதில் கிடைக்கும்.